உஸ்ஸென்று இரையும் பேனல்

செம்பனை மில்லின் பின்பக்கம், கழிவுநீர்க் குளத்தின் மேல் கறுப்புப் பாய் உப்பிக்கொண்டு நிற்கும் இடத்துக்குப் போனால், கேஸ் உள்ளே புகாதபடி காற்றை அடைத்து வைத்திருக்கும் சில மின்சாரப் பேனல்கள் மட்டும் இரவு பகலாக உஸ்ஸென்று இரைந்துகொண்டிருக்கும். மலேசியாவில் 2014 ஜனவரி 1 முதல், புதிதாகக் கட்டும் மில்லும் கொள்ளளவைக் கூட்டக் கேட்கும் மில்லும் கழிவுநீரின் மீத்தேனைப் பிடிக்கவோ தவிர்க்கவோ ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று விதி வந்தது. அதன் பிறகு தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ போன்ற தோட்டத்து ஊர்களில் சார்ஜ்மேன், வயர்மேன் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு இந்தப் பேனல்களும் பழக வேண்டிய பொருளாகிவிட்டன.

"அண்ணே, காத்து வீணாப் போகுது, வால்வை மூடிடவா?" என்று புதிதாக வேலைக்கு வந்த தம்பி கேட்பான். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறான். ஆனால் அந்தக் காற்றை நம்பித்தான் பேனல் அங்கே நிற்கிறது. அதனால் காற்று வரும் வால்வை யாரும் தெரியாமல் திருப்ப முடியாதபடி பூட்டிவைக்க வேண்டும். பக்கத்திலேயே "மின்சாரத்தை நிறுத்தாமல் இந்த வால்வை மூடாதீர்கள்" என்று மலாயிலும் தமிழிலும், மில்லில் வேலை செய்யும் வங்காளதேசி, நேப்பாளி தொழிலாளர்களின் மொழிகளிலும் எழுதிவைக்க வேண்டும். முதல் நாளே செய்யவேண்டிய வேலை இது. பெரும்பாலும் கடைசி நாள்வரை யாரும் செய்வதில்லை.

பேனலுக்குள் இருக்கும் கன்டாக்டர் (மின்சாரத்தைச் சேர்த்து அறுக்கும் ஸ்விட்ச்), ரிலே, டிரைவ், தொடுதிரை எல்லாம் சாதாரணச் சாமான்கள். ஒவ்வொரு தடவை கன்டாக்டர் இழுக்கும்போதும் பொறி பறக்கும். வெடிப்பைத் தாங்கும் வார்ப்புப் பெட்டிக்குள் வைக்கலாம் என்றால் அவ்வளவு பெரிய பெட்டி விலைக்கும் எடைக்கும் கட்டாது. ஆகவே சுத்தமான காற்றை உள்ளே செலுத்தி முதலில் பெட்டியை அலசுகிறோம். பிறகு வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தில் வைத்திருக்கிறோம். ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளேயிருந்து வெளியேதான் போகும், கேஸ் உள்ளே வராது. அலசுவதைத்தான் பர்ஜ் என்கிறோம். அலசி முடியும்வரை உள்ளே மின்சாரம் போகக்கூடாது. அழுத்தம் போனால் மின்சாரமும் போக வேண்டும்.

பேனலை வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது இங்கேதான் நிற்க வேண்டுமா? குளத்தின் மீத்தேன் கலந்த வாயுவைப் பிடிக்கும் பயோகேஸ் பிளாண்டின் அபாயப் பகுதி வரைபடத்தை விரித்துப் பாருங்கள். குளத்தின் அழுத்தம் விடும் வால்வைச் சுற்றி ஸோன் 1 (சாதாரண ஓட்டத்திலேயே அவ்வப்போது கேஸ் வரக்கூடிய இடம்) இருக்கும். கேஸைத் தள்ளும் புளோவர், கேஸிலிருந்து விழும் தண்ணீரைப் பிடிக்கும் கண்டன்சேட் தொட்டி, குழாய் இணைப்புகள் இவற்றைச் சுற்றி ஸோன் 2 (கேஸ் அபூர்வமாக, கொஞ்ச நேரம் மட்டும் வரக்கூடிய இடம்) இருக்கும். கோட்டுக்கு வெளியே பேனலைத் தள்ளி வைத்துக் கேபிளை நீட்டினால் வேலை முடிந்தது என்றால், அதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. கேபிளுக்கு ஆகும் செலவு ஒரு தடவைதான். பர்ஜ் பேனலுக்குக் காற்று காலம் முழுக்க வேண்டும். தள்ளி வைக்கவே முடியாத அனலைசர் (கேஸில் என்ன எவ்வளவு என்று அளக்கும் கருவி), புளோவர் பக்கத்திலேயே வேண்டிய கன்ட்ரோல் இவற்றுக்குத்தான் இந்த ஏற்பாடு.

சர்வதேச மின் தரமான ஐஇசி 60079-2 இந்தக் காற்றழுத்தப் பாதுகாப்பை மூன்று வகையாகப் பிரிக்கிறது. பெயர்ப்பலகையில் பிஎக்ஸ்பி என்றிருந்தால், ஸோன் 1-ல் நிற்கும் பேனலுக்குள் சாதாரணச் சாமான் இருக்கலாம். அழுத்தம் விழுந்தால் மின்சாரம் தானாக அறுந்தே ஆக வேண்டும், மனிதர் வந்து பார்க்கும்வரை காத்திருக்கக்கூடாது. பிவைபி என்றால் பேனல் நிற்பது ஸோன் 1, உள்ளே இருப்பவை ஸோன் 2-க்குத் தகுதியானவை. பிஇசட்சி என்றால் ஸோன் 2-ல் நிற்கும் பேனலுக்குள் சாதாரணச் சாமான். இந்த இரண்டிலும் அழுத்தம் விழும்போது அலாரம் அடித்தால் போதும். குறைந்தபட்ச அழுத்தம் முதல் இரண்டுக்கும் 50 பாஸ்கல், மூன்றாவதற்கு 25 பாஸ்கல். பழைய பேனல்களில் கடைசி எழுத்து இல்லாமல் பிஎக்ஸ், பிவை, பிஇசட் என்று மட்டும் இருக்கும்.

அமெரிக்கப் பேனல் வந்தால் கணக்கு வேறு. அவர்களுடைய தரமான என்எஃப்பிஏ 496 எக்ஸ், வை, இசட் என்று பிரிக்கிறது. அலசலுக்குப் பெட்டியின் கொள்ளளவைப்போல் 4 மடங்கு காற்றும், மோட்டாருக்கு 10 மடங்கும் கேட்கிறது. ஐஇசி பக்கம் தனியாகச் சோதித்துச் சான்று வாங்காத சாதாரணப் பெட்டிக்கு 5 மடங்கு என்பது பழகிய கணக்கு. பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் ஓட்டமும் நிமிடமும்தான் கடைசி வார்த்தை. இந்த முறையில் பாதி, அந்த முறையில் பாதி என்று கலக்கக்கூடாது.

கணக்கை ஒரு பேனலில் போட்டுப் பார்ப்போம். அகலம் 800, உயரம் 2000, ஆழம் 600 மி.மீ. கொள்ளளவு 960 லிட்டர். உள்ளே இருக்கும் சாமான்களின் இடத்தைக் கழிக்க வேண்டாம், வெறும் பெட்டியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 5 மடங்கு என்றால் 4,800 லிட்டர். நிமிடத்துக்கு 400 லிட்டர் ஓடினால் 12 நிமிடம். டைமரை 15 நிமிடத்தில் வையுங்கள். பக்கத்துப் பேனல் நடுவில் திறப்போடு ஒட்டி நின்றால் அதையும் கூட்ட வேண்டும். அடிப்பீடம் உள்பக்கம் திறந்திருந்தால் அதையும், காற்று வந்துசேரும் குழாயின் கொள்ளளவையும்கூடச் சேர்க்க வேண்டும். பிறகு யாராவது பேனலுக்குள் மூடிய சிறு பெட்டி ஒன்றைப் பொருத்தினால், அதற்குள் காற்று புகுந்து வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள். 1,000 கன செ.மீ. இடத்துக்கு 1 சதுர செ.மீ. திறப்பு, ஓட்டையின் விட்டம் 6.3 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். மவுண்டிங் பிளேட்டின் பின்பக்கம் எப்போதும் சந்தேகத்துக்குரிய இடம். முன்பக்கம் காற்று சுற்றிப் போய்விடும், பின்னால் பழைய காற்று அசையாமல் கிடக்கும்.

காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேற வேண்டும் என்பதைக் கேஸின் கனம் சொல்லும். மீத்தேன் காற்றைவிட இலேசு, அதனால் கீழே விட்டு மேலே எடுக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் குளத்திலிருந்து வருவது சுத்த மீத்தேன் இல்லை. 60 பங்கு மீத்தேனும் 40 பங்கு கரியமில வாயுவும் என்றால் கலவையின் மூலக்கூறு எடை சுமார் 27, காற்றுக்கு 29. பாதிக்குப் பாதி ஆனால் 30, காற்றைவிடக் கனம். ஆக, பயோகேஸ் மேலேயும் தங்கும், கீழேயும் தங்கும். ஒரு மூலையில் கீழே விட்டு, எதிர் மூலையில் மேலே எடுத்து, நடுவில் தடுப்புத் தகடு வைத்துக் காற்றைத் திருப்பிவிடுவது நல்லது. செம்பனைப் பருப்பிலிருந்து ஹெக்சேன் என்ற கரைப்பான் கொண்டு எண்ணெய் எடுக்கும் ஆலையில் நிலைமை நேரெதிர். அதன் ஆவி காற்றைவிடச் சுமார் 3 மடங்கு கனம். கேபிள் பள்ளத்திலும் வடிகாலிலும் தேங்கும். அங்கே மேலே விட்டுக் கீழே எடுக்க வேண்டும்.

ஓட்டத்தை எங்கே அளக்கிறோம் என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். உள்ளே வரும் குழாயில் மீட்டரை வைத்து 400 லிட்டர் வருகிறது என்று பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. கதவு கேஸ்கெட்டில் பிளவு இருந்தால் வந்த காற்றில் பாதி அங்கேயே போய்விடும், எதிர் மூலை அலசப்படவே இல்லை. வெளியேறும் வாயில் அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். வெளிவாயில் பொறி தடுக்கும் வலை இருந்தால் அதையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்தால் ஓட்டம் விழும். டைமர் எண்ண ஆரம்பிக்க வேண்டியது ஓட்டமும் அழுத்தமும் இரண்டும் சரியாக இருக்கும்போதுதான். நடுவில் ஒன்று போனாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும், விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடாது. பேனலை முதல்முறை ஓட்டிப் பார்க்கும் கமிஷனிங்கின்போது இதை வேண்டுமென்றே சோதியுங்கள். பத்தாவது நிமிடத்தில் காற்றைக் கொஞ்சம் மூடித் திறந்து, டைமர் பூஜ்யத்துக்குப் போகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

இனி காற்று. கம்பரசர் எங்கே நிற்கிறது, அதன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது? பேனலில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கம்பரசரைக் குளத்தின் ஓரத்தில் வைத்தால், அலசுவது கேஸ் கலந்த காற்றால்தான். காற்றை இழுக்கும் வாய் அபாயப் பகுதிக்கு வெளியே இருக்க வேண்டும். பயோகேஸ் பிளாண்டுக்கென்று தனியாகச் சின்னக் கம்பரசர் வாங்கும் இடங்களில் இதை ஒவ்வொரு தடவையும் சரிபாருங்கள். இடம் கிடைத்த பக்கம் நகர்த்திவிடுவார்கள், பிறகு வரைபடத்தை யாரும் திருத்துவதில்லை.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்துக் காற்று 30 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருக்கும்போது ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். அதை 7 பாருக்கு அழுத்தி 35 டிகிரிக்கு ஆறவிட்டால் சுமார் 5 கிராம் மட்டுமே ஆவியாக நிற்கும். மீதி 19 கிராம் தண்ணீராக விழும். நிமிடத்துக்கு 30 லிட்டர் கசிவை ஈடுகட்டும் ஒரு பேனலுக்கு நாளொன்றுக்கு 43 கன மீட்டர் காற்று வேண்டும். அந்த ஒரு பேனலுக்காக மட்டும் தினமும் 800 கிராமுக்கு மேல் தண்ணீர் காற்றுத் தொட்டியில் சேருகிறது. ஆட்டோ டிரெயின் அடைத்துக்கொண்டால் அது குழாய் வழியே பேனலுக்குத்தான் வரும். டிரெயினைத் தினமும் கையால் அழுத்திப் பாருங்கள். 3 டிகிரி பனிநிலைக்கு (ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கு) உலர்த்தும் குளிர்ட்ரையர் இந்த வேலைக்குப் போதும். பேனலுக்கு முன்னால் 5 மைக்ரான் வடிகட்டியும், எண்ணெய் மூடுபனியைப் பிடிக்கும் வடிகட்டியும் வையுங்கள். கம்பரசர் எண்ணெய் ரெகுலேட்டரின் ரப்பரையும் பிரஷர் ஸ்விட்சின் மெல்லிய தோலையும் மெதுவாகக் கெடுக்கும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்வரை என்ன நடக்கும்? 500 லிட்டர் தொட்டி 7 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கினால் 2,000 லிட்டர் காற்று கிடைக்கும். 30 லிட்டர் கசிவுக்கு அது ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆனால் 400 லிட்டரில் அலசலைத் தொடங்கினால் 5 நிமிடத்தில் தீர்ந்துவிடும், 12 நிமிட அலசல் முடியாது. அதே தொட்டியில் மில்லின் மற்ற வால்வுகளும் இருந்தால் இன்னும் மோசம். பர்ஜ் பேனலுக்குத் தனித் தொட்டியும், அதன் வாயில் திரும்பாத வால்வும் வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். பழம் குறைவாக வரும் மாதங்களில் மில் நிற்கும் நாட்களில் கம்பரசரும் நிற்கும், பேனலுக்குள் கேஸும் ஈரமும் புகுந்திருக்கும். திங்கட்கிழமை காலையில் அவசரமாக ஆன் செய்யும் நேரம்தான் அலசல் மிகவும் தேவைப்படும் நேரம்.

அழுத்தத்தை எவ்வளவு வைப்பது? குறைந்தபட்சம் 50 என்றால் 51-ல் ஓட்டக்கூடாது, கதவைப் பக்கத்தில் யாராவது தட்டினாலே விழும். சாதாரணமாக 150 முதல் 200 பாஸ்கல், அலாரம் 100, டிரிப் (மின்சாரம் தானாக அறுவது) 75 என்று வைத்தால் இடைவெளி இருக்கும். அதிகம் வைத்தால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். 2000 க்கு 800 கதவின் பரப்பு 1.6 சதுர மீட்டர். 200 பாஸ்கலிலேயே கதவின் மேல் 33 கிலோ எடை சாய்ந்ததுபோல் தள்ளும். 1,000 பாஸ்கலுக்குப் போனால் 160 கிலோவைத் தாண்டும். கதவு வளையும், கேஸ்கெட் விலகும், கசிவு கூடும், ரெகுலேட்டர் இன்னும் திறக்கும். தாழ்ப்பாளை அவிழ்க்கிறவர் முகத்தில் கதவு அறையும். அதிக அழுத்தத்தை விடும் ரிலீஃப் வால்வு இருந்தே ஆக வேண்டும், அது அடைபடாமலும் இருக்க வேண்டும்.

50 பாஸ்கல் என்பது 5 மி.மீ. தண்ணீர் உயரம். விலை உயர்ந்த மீட்டர் கையில் இல்லாவிட்டாலும் தெளிவான பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் வளைத்து, நிறம் கலந்த தண்ணீரை ஊற்றி, ஒரு முனையைப் பேனலின் சோதனை வாயில் செருகினால் போதும். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்கேலால் அளந்துவிடலாம். பிரஷர் ஸ்விட்ச் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

அது பொய் சொல்லும் விதம் ஒன்றை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஸ்விட்சுக்கு இரண்டு வாய். ஒன்று பேனலுக்குள், மற்றது வெளிக்காற்றுக்கு. வெளியே பார்க்கும் சின்னத் துளையில் குளவி மண் அப்பிக் கூடு கட்டும். தோட்டத்துப் பக்கம் குளவிக்குக் குறைவா? துளை முழுதாக மூடிக்கொண்டால் உள்ளே சிறைப்பட்ட காற்றோடுதான் ஸ்விட்ச் ஒப்பிடும். பூமத்திய ரேகைக்கு அருகில் வெளிக்காற்றின் அழுத்தம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை, இரவு 10 மணிவாக்கில் உச்சம், அதிகாலை, மாலை 4 மணிவாக்கில் தாழ்வு. வித்தியாசம் சுமார் 300 பாஸ்கல். மாலை 4 மணிக்குத் துளை அடைபட்டால், மறுநாள் காலை 10 மணிக்கு மீட்டர் உண்மையைவிட 300 பாஸ்கல் கூட்டிக் காட்டும். பேனலுக்குள் அழுத்தமே இல்லாவிட்டாலும் எல்லாம் சரி என்று பச்சை விளக்கு எரியும். காலையில் அடைபட்டால் மாலையில் காரணமில்லாமல் டிரிப் ஆகும். தினமும் ஒரே நேரத்தில் டிரிப் ஆகிறது என்றால் மின்சாரத்தில் தேடுவதற்கு முன் அந்தத் துளையைப் பாருங்கள். பூச்சி புகாத நுண்வலை மூடி போட்டு, வாயைக் கீழ்நோக்கி வைத்தால் தண்ணீரும் தேங்காது.

கசிவு தேடும்போது சோப்பு நீரைக் கதவோரம் மட்டும் தடவிவிட்டு நிறுத்தாதீர்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தை இறுக்கும் கேபிள் கிளாண்ட் இறுக்கமாக இருந்தாலும், பல இழைக் கேபிளின் உள்ளே இழைகளுக்கு நடுவே காற்று ஓடும், மறுமுனையில் உள்ள சந்திப்புப் பெட்டியில் வெளியேறும். கசிவு கணக்குக்கு வராமல் மணிக்கணக்கில் தேடுவது இதனால்தான். பேனலில் அழுத்தம் இல்லாத நேரத்தில் அதே வழியில் கேஸ் உள்ளே வரவும் செய்யும். பிசின் ஊற்றி அடைக்கும் பேரியர் கிளாண்ட் போட்டால் இரண்டும் நிற்கும். பயன்படுத்தாத கிளாண்ட் ஓட்டைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி வேண்டாம், சான்று பெற்ற உலோக அடைப்பான் போடுங்கள். கதவு கேஸ்கெட் வெயிலில் கல்லாகிவிடும். விரல் நகத்தால் அழுத்தினால் குழி விழாத கேஸ்கெட்டை மாற்றிவிடுங்கள்.

மின்சாரப் பக்கம் வருவோம். பேனலுக்கு மின்சாரத்தை அறுக்கும் கன்டாக்டர் அந்தப் பேனலுக்குள்ளேயே இருக்க முடியாது. அபாயப் பகுதிக்கு வெளியே உள்ள அறையில் இருக்க வேண்டும், அல்லது வெடிப்பைத் தாங்கும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். பர்ஜ் கன்ட்ரோலர் அலசல் முடிவதற்கு முன்பே உயிரோடு இருப்பதால் அதற்கும் சொந்தமாக அபாயப் பகுதிச் சான்று வேண்டும். பலர் கோட்டைவிடுவது வெளியிலிருந்து வரும் மற்ற மின்சாரத்தில். 415 வோல்ட் அறுந்துவிட்டது, ஆனால் பக்கத்துப் பேனலிலிருந்து வரும் 24 வோல்ட் சிக்னல், மோட்டார் ஹீட்டருக்கான தனிக் கம்பி, யூபிஎஸ் லைன் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. டிரிப் ஆனபின் டெர்மினல் ஒவ்வொன்றிலும் மீட்டர் வைத்து அளந்து பார்க்காதவரை அறுந்தது என்று எழுதாதீர்கள். உள்ளேயே வைத்த பேட்டரியை வெளியிலிருந்து அறுக்க முடியாது, ஆகவே யூபிஎஸை இந்தப் பெட்டிக்குள் வைப்பதைத் தவிர்ப்பதுதான் சரி. டிரைவின் கப்பாசிட்டர் வடியவும், சூடான பாகம் ஆறவும் நேரம் வேண்டும். கதவில் இத்தனை நிமிடம் கழித்துத் திற என்று எழுதியிருப்பதன் காரணம் அதுதான்.

அனலைசர் பேனல் தனி இனம். மேலே சொன்னதெல்லாம் வெளியே உள்ள கேஸ் உள்ளே வராமல் தடுக்கும். அனலைசருக்கோ கேஸையே குழாய் வைத்து நாமே உள்ளே கொண்டுபோகிறோம். உள்ளே இணைப்பு ஒன்று கசிந்தால் அழுத்தம் 200 பாஸ்கலில் அழகாக நிற்கும், பெட்டி கேஸால் நிறையும், எந்த அலாரமும் அடிக்காது. அதனால் வெறும் கசிவு ஈடுகட்டும் காற்று போதாது, எந்நேரமும் ஓடும் காற்று வேண்டும். கணக்கு எளிது. மாதிரிக் குழாயின் வாயில், பேனலுக்கு வெளியே, நிமிடத்துக்கு 1 லிட்டருக்கு மேல் விடாத தடை ஒன்று வைத்திருக்கிறோம் என்று கொள்ளுங்கள். குழாய் முழுதாக அறுந்தாலும் வருவது 0.6 லிட்டர் மீத்தேன். மீத்தேன் தீப்பிடிக்கும் கீழ் எல்லை 4.4 சதவீதம், அதில் கால் பங்கு 1.1. அதற்குக் கீழே வைக்க நிமிடத்துக்கு 55 லிட்டர் காற்று வேண்டும். காற்று எல்லா மூலையிலும் ஒரே மாதிரி கலப்பதில்லை என்பதால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஓடவிடுங்கள். அழுத்தமோ ஓட்டமோ போனால் மாதிரிக் கேஸை வெளியிலேயே நிறுத்தும் சோலனாய்டு வால்வும் வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் டியூப் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் குழாயும் இரட்டை வளைய இணைப்பும்தான்.

இன்னொரு தொல்லை சூடு. கதவைத் திறந்துவைக்கச் சொல்லித் தூண்டுவது பெரும்பாலும் இதுதான். காற்று ஓடுகிறதே, குளிர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். 30 லிட்டர் காற்று 10 டிகிரி சூடேறி வெளியேறினால் அது எடுத்துப்போவது 6 வாட். முழு அலசல் வேகமான 400 லிட்டரே 80 வாட்தான் எடுக்கும். 15 கிலோவாட் டிரைவ் ஒன்று 400 வாட்டுக்கு மேல் சூடு விடும். ஆக டிரைவை இந்தப் பெட்டியில் வைக்காதீர்கள், வெளியே உள்ள சுவிட்ச் அறைக்குக் கொண்டுபோங்கள். மீதிக்கு வெயில் படாத கூரை, வெளிர் நிறப் பெயிண்ட். இன்னும் வேண்டுமென்றால் அபாயப் பகுதிச் சான்றுள்ள ஏர்கான். அழுத்தக் காற்றைச் சுழற்றிக் குளிரூட்டும் வோர்டெக்ஸ் கூலர் விலை குறைவு, ஆனால் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் காற்றைக் குடிக்கும், மில் கம்பரசர் திணறும்.

திறக்கும் முறை: பெர்மிட், மின்சாரம் நிறுத்தம், கதவில் எழுதிய நிமிடம் காத்திருத்தல், வெளியே கேஸ் டிடெக்டரால் அளத்தல், பிறகுதான் சாவி. பயோகேஸில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். 100 பிபிஎம்மிலேயே (பத்து லட்சத்தில் 100 பங்கு) உயிருக்கு ஆபத்து. அழுகிய முட்டை நாற்றம் மறைந்துவிட்டால் கேஸ் போய்விட்டது என்று பொருளில்லை, மூக்கு மரத்துப்போயிருக்கும். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் போட்ட பேனல் என்றால் கதவைத் திறந்து தலையை உள்ளே விடாதீர்கள், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று அளந்து பாருங்கள். ஒரு நிமிடம்தான் திறந்தேன் என்றாலும் மூடியபின் அலசல் முழுதாக ஓட வேண்டும்.

அழுத்தம் இல்லாதபோதும் மின்சாரத்தை விடும் பைபாஸ் சாவி பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பயோகேஸில் இயந்திரம் ஓடி மின்சாரம் டிஎன்பி (மின்சார நிறுவனம்) லைனுக்குப் போய்க்கொண்டிருக்கும் பிளாண்டில், ஒரு டிரிப் என்பது பணம். அழுத்தம் நிற்கவில்லை என்றால் சாவியைத் திருப்பிவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். அந்தச் சாவி, சுற்றிலும் கேஸ் இல்லை என்று அளந்து எழுதிய பெர்மிட்டோடு, பழுது பார்க்கும் நேரத்துக்கு மட்டும் உள்ளது. பேனலிலேயே செருகிக் கிடக்கக்கூடாது. சார்ஜ்மேன் கையில் இருக்கட்டும், எடுத்த நேரமும் திருப்பிய நேரமும் புத்தகத்தில் ஏறட்டும். இரவு ஷிஃப்டில் இருப்பவர் மறுக்க முடியாத நிலையில் அவரை நிறுத்தக்கூடாது. மறுக்க அவருக்கு மேனேஜரின் எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிடுங்கள்.

சோதனைக்கு ஒரு வழி. வாரத்துக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். 180-ல் நின்றது 160, 140 என்று இறங்கினால் கேஸ்கெட்டோ வடிகட்டியோ போகிறது, டிரிப் ஆவதற்கு முன்பே தெரிந்துவிடும். மாதத்துக்கு ஒரு தடவை, பிளாண்ட் நிற்கும் நேரம் பார்த்து, ரெகுலேட்டரை மெதுவாகக் குறைத்து அலாரம் எத்தனை பாஸ்கலில் அடித்தது, எத்தனையில் அறுந்தது என்று யூ குழாயில் அளந்து குறியுங்கள். பிறகு அலசல் நிமிடத்தைக் கடிகாரத்தில் பிடியுங்கள். ஐஇசி 60079-17 சொல்லும் முறையான ஆய்வுகளுக்கு நடுவே 3 வருடத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. நம் பக்கத்து ஈரத்துக்கும் வெயிலுக்கும் வருடத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆய்வு செய்கிறவருக்கு வயர்மேன் லைசென்ஸோடு காம்ப்எக்ஸ் போன்ற அபாயப் பகுதிப் பயிற்சியும் இருக்க வேண்டும்.

தூசி அபாயம் உள்ள இடத்தில் மட்டும் அலசல் வேண்டாம். காற்றை வேகமாக விட்டால் படிந்த தூசி எழும்பிப் பேனலுக்குள்ளேயே மேகமாகிவிடும். கதவைத் திறந்து, உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தமாக எடுத்துவிட்டு, மூடி, அழுத்தத்தை ஏற்றி, பிறகு ஸ்விட்சைப் போடுங்கள்.